மூன்றாவது ஞாயிறு கேட்ட கேள்வி

போன வார அத்தியாயத்துக்கு வந்த கடிதங்களைப் படித்துவிட்டு எனக்குத் தலை சுற்றிப்போனது. பாதிப் பேர், "அண்ணன்தானே, பொடிசு விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துபோய்விடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாசகி பக்கம் பக்கமாகப் புத்தி சொல்லிவிட்டு, கடைசியில் பொடிசுவின் மனம் இளக ஜெபிப்பதாகவும் எழுதியிருக்கிறார். அம்மா, போனது உங்கள் பணம் இல்லை பாருங்கள், அதனால் இவ்வளவு தாராளம் வருகிறது.

புதிதாக வந்திருக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொடிசு என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஆளுக்கு நாற்பது வயது நெருங்குகிறது, காதோரம் நரைத்தும்விட்டது, இன்னும் பொடிசுதான். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் அதற்குப் பல் செட் செய்து கொடுக்கிற லேப்பில் வேலை. தனி ஆள். ஒரே ஒரு அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

அண்ணன் வீட்டில் உட்காருகிற சோபா தவணை, பார்க்கிற டிவி தவணை, விடுமுறைக்கு ஊர் சுற்றியதும் தவணை. அந்தத் தவணைகளைக் கட்டுவதற்கு ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் பெரிய கடன். அவருடைய ஆட்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று டீச்சரை வாய்க்கு வந்தபடி பேசிய அன்று, பொடிசு தன் சேமிப்பு மொத்தத்தையும் கொண்டுபோய் அண்ணி கையில் கொடுத்தாள். சொந்தமாக லேப் வைப்பதற்காகச் சேர்த்த பணம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தாள். அது வட்டிப் பாக்கிக்கே போய்விட்டது, அசல் அப்படியே நிற்கிறது. அவளுக்கு இன்றுவரை ஒரு காசு திரும்பவில்லை.

இப்போது அண்ணன் குடும்பம் சபையின் விடுதலைக் குழுவில் இருக்கிறது. கடனில்லாமல் வாழ வேண்டும் என்று தீர்மானம் எடுத்த சில குடும்பங்கள் மாதாமாதம் பணம் போட்டு, முறை வைத்து, ஒரு குடும்பத்தின் கடனை முழுசாக அடைத்துவிடும். நல்ல காரியம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கல்யாணத்துக்கு முன்னால், ஆட்சேபம் உள்ளவர்கள் உண்டா என்று சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறார்கள் இல்லையா, அதே மாதிரி மூன்று ஞாயிறு பாஸ்டர் சபையைப் பார்த்துக் கேட்பார். இந்தக் குடும்பம் வேறு யாருக்காவது தர வேண்டியது உண்டா? யாரும் எழுந்திருக்காவிட்டால், மூன்றாவது ஞாயிறு அந்தக் குடும்பம் சபை மணியை அடிக்கும், கடனை அடைக்கிற செக்கும் கைக்கு வரும். அதற்குப் பிறகு பழைய பாக்கி என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. யாராவது எழுந்துவிட்டால் மணியும் கிடையாது, செக்கும் கிடையாது. முறை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

இரண்டு ஞாயிறு பாஸ்டர் கேட்டார். இரண்டு ஞாயிறும் பொடிசு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வாயே திறக்கவில்லை.

இன்றைக்கு மூன்றாவது.

* * *

ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டித்தான் கிடக்கும். இன்றைக்குக் காலையிலேயே லேப் முதலாளி ஃபோன் செய்து வரச் சொன்னார். பொடிசு போய்ப் பார்த்தால் கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே முன்பின் தெரியாத ஒரு ஆள் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பீங்கான் பல் சுடுகிற அடுப்பின் அகலத்தை அளந்துகொண்டிருந்தான்.

"யாரு சார் இவர்?"

"சும்மா அளந்து பாக்கறார்மா" என்றார் முதலாளி. அவர் முகத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. "வேற ஒரு லேப்காரர். மொத்தமா எடுத்துக்கறேன்னு சொல்றார்."

"பணத்தைக் கட்டி லேப்பை நான் வாங்கிக்க நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுத்திருக்கீங்களே."

"குடுத்தேன். இப்பவும் இருக்கு. நாளைக்கு மத்தியானம் தாண்டினா இல்ல. உனக்காக எத்தனை மாசம் நிறுத்தி வெச்சேன், சொல்லு? என் பொண்ணு வீட்டுக்குப் போக டிக்கெட்டும் போட்டாச்சு."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. நியாயமான மனிதர். சந்தையில் போகிற விலையைவிடக் குறைத்துத்தான் அவளிடம் சொல்லியிருந்தார். அவர் மேல் கோபப்பட வழியில்லாததால் பொடிசுவுக்கு இன்னும் கோபம் வந்தது.

டேப்காரன் அலமாரியைத் திறந்தான். பிளாஸ்டரில் வார்த்த தாடை அச்சுகள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இந்தக் குப்பையெல்லாம் எனக்கு வேணாம் சார். காலி பண்ணிக் குடுத்துடுங்க."

பொடிசு எட்டி அதைப் பிடுங்கினாள். "கை வைக்காதீங்க. அந்த மனுஷனுக்குச் செவ்வாய்க்கிழமை பல்லு கட்டணும். ஒரு மாசமா கஞ்சி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். கோபப்படவில்லை. சிரித்தான், அதுதான் இன்னும் மோசம்.

"நீங்கதான் இங்க வேலை பாக்கறவங்களா? நல்லாப் பண்றீங்கன்னு சார் சொன்னார். வேணும்னா உங்களையும் சேத்து எடுத்துக்கறேன். சம்பளத்துக்கு."

"அடுப்பு அளந்தாச்சுல்ல? என்னையும் அளந்துக்கறீங்களா?"

முதலாளி இருமினார். பொடிசு அந்த அச்சைத் துணியில் சுற்றி, தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள். இத்தனை வருஷம் இன்னொருத்தர் மேஜையில் குனிந்து குனிந்து முதுகு போயிற்று. இனிமேலும் சம்பளத்துக்குத்தான் என்றால் சாகிறவரைக்கும் சம்பளத்துக்குத்தான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

நேராக அண்ணன் வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

* * *

அண்ணன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் வீட்டு லிஃப்ட் படுத்துக் கிடக்கிறது. கேட்டால், "அது வேற கம்பெனி" என்பான். பொடிசு திட்டிக்கொண்டே மாடி ஏறினாள்.

டீச்சர்தான் கதவைத் திறந்தாள். பாதி வாரிய தலை, கையில் சீப்பு.

"நீயா? சர்ச்சுல பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"சர்ச்சுல வெச்சுப் பேசக் கூடாதுன்னுதான் இங்க வந்தேன் அண்ணி."

அண்ணன் ஹாலில் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்கு மணி அடிக்கப் போகிற சட்டை. "வா பொடிசு, டீ குடிக்கிறியா?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

"டீயெல்லாம் வேணாம்ணா. என் பணம் வேணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நான் கட்டலைன்னா லேப்பை வேற ஒருத்தன் எடுத்துக்கறான். இப்பத்தான் அளந்துக்கிட்டு இருக்கறதைப் பாத்துட்டு வரேன்."

"காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா?" என்றாள் டீச்சர்.

"பாதியாவது குடுங்க. மீதிக்கு முதலாளி கால்ல விழுந்தாவது டைம் கேக்கறேன்."

"பாதி எங்க இருந்து வரும்? இருந்தா நாங்க ஏன் சபைக்கு முன்னால போய்க் கைகட்டி நிக்கறோம்?"

"குழுவுல என் பேரையும் சொல்லியிருக்கலாமே அண்ணி."

"எதுக்குச் சொல்லணும்? அது வெளிக்கடனை அடைக்கிற குழு. சொந்தத்துல வாங்கினதெல்லாம் கடனா?"

கேட்கிறவள் கணக்கு டீச்சர். வகுப்பில் ஒரு பிள்ளை தசமப் புள்ளியை ஒரு இடம் தள்ளிப் போட்டுவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைக்கிறவள்.

"கடன் இல்லாம வேற என்ன? பிச்சையா போட்டேன்?"

"வார்த்தையை அளந்து பேசு." டீச்சர் சீப்பை மேஜை மேல் எறிந்தாள். "உன் தொகையையும் சேத்திருந்தா குழு குடுக்கறதைத் தாண்டிப் போயிருக்கும். முறை பேக்கரிக்காரர் குடும்பத்துக்குப் போயிருக்கும். நாங்க மறுபடியும் எத்தனை வருஷம் காத்துக் கிடக்கறது?"

"ஆக, தெரிஞ்சேதான் மறைச்சிருக்கீங்க."

"மறைச்சோமா? ரெண்டு வாரம் பாஸ்டர் எல்லார் முன்னாலயும் கேட்டார். நீ முன்னாலதானே உக்காந்திருந்தே? வாயைத் தைச்சா வெச்சிருந்தாங்க?"

"அண்ணன் மானம் போகக் கூடாதுன்னு உக்காந்திருந்தேன்!" பொடிசு குரல் உடைந்தது. "ஆராதனை முடிஞ்சதும் ரெண்டு பேரும் எங்கிட்ட வருவீங்க, 'கொஞ்சம் பொறு, ஏற்பாடு பண்றோம்'னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு வாசல்லயே நின்னேன். போன வாரமும் நின்னேன். நீங்க அந்தப் பக்கக் கதவு வழியா போயிட்டீங்க."

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நீ மன்னிச்சு விட்டுட்டேன்னு நாங்க நெனச்சோம் பொடிசு."

"எதை வெச்சு நெனச்சே?"

"நீதான் ஒண்ணும் சொல்லலையே."

அட, என்ன மூளை பாருங்கள்! ஒருத்தி வாயை மூடிக்கொண்டு அவனுடைய மானத்தைக் காப்பாற்றினால், அதையே பாக்கி தீர்ந்ததற்கு ரசீதாக எடுத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

டீச்சர் விடுகிறவள் இல்லை. "மன்னிச்சா என்ன தப்பு? தினமும் ஜெபத்துல என்ன கேக்கறே? நாங்க மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும்னு கேக்கறியா இல்லையா? அது வெறும் வாய்ப்பேச்சா? கூடப்பிறந்தவனை மன்னிக்க முடியல, நீயெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு என்ன ஜெபம் பண்றே?"

"மன்னிக்கிறது குடுத்தவ சொல்ல வேண்டியது அண்ணி. வாங்கினவங்களே மன்னிச்சாச்சுன்னு சொல்லிக்கிட்டா அதுக்குப் பேர் வேற."

"என்ன பேரு? சொல்லேன். திருட்டுன்னு சொல்லு, கேக்கறேன்."

"நான் சொல்லல. நீங்களே சொல்லிட்டீங்க."

டீச்சருக்கு முகம் சிவந்துபோனது. கதவு திறந்துதான் இருந்தது, அவள் அதை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தாள். "போ. உன் பல்லையும் அடுப்பையும் கட்டிக்கிட்டு அழு. இந்த வீட்டுல உனக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

பொடிசு இறங்கினாள். ஒரு மாடி தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன், பாதி இஸ்திரி போட்ட சட்டையோடு ஓடி வந்தான்.

"பொடிசு, நில்லு. ஒரு உதவி பண்ணேன்."

அவள் நின்றாள். பணம் பற்றி ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

"இன்னைக்கு ஒரு நாள் நீ சர்ச்சுக்கு வராம இருந்துடேன்."

அவள் அடுத்த படியில் காலை வைத்தாள்.

"செக் வரட்டும். ஃபைனான்ஸ்காரன் தொல்லை விட்டுச்சுன்னா மாசாமாசம் உனக்கு ஏதாவது..."

"மணி அடிச்சப்புறம் நான் கேக்கவே கூடாதுன்னுதானே கட்டுப்பாடு?"

"அது சபைக்குள்ள. நமக்குள்ள அப்படியா?"

"நமக்குள்ள இத்தனை நாளா என்ன நடந்துச்சுண்ணா? எங்க லேப் வாசலைத் தாண்டிப் போகணுமேன்னு நீ வேலைக்குப் போற தெருவையே மாத்திக்கிட்டே. நான் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அவனுங்க ஸ்கூல் வாசல்ல வெச்சு உங்கண்ணியைப் பேசின பேச்சு உனக்குத் தெரியாது. பிள்ளைங்க எல்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க. மறுபடியும் அப்படி ஒண்ணு நடந்தா அவ தாங்க மாட்டா பொடிசு."

"தெரியும். அதுக்காகத்தானே கொண்டுவந்து குடுத்தேன்" என்றாள் அவள். பிறகு மீதி மாடிகளையும் இறங்கிப் போனாள்.

* * *

பொடிசு சர்ச்சுக்குப் போனாள். போக வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் போனாள். முன்னால் இடம் இருந்தும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பாஸ்டர் நல்ல மனிதர். அவருக்கே ஒரு காலத்தில் கழுத்துவரை கடன் இருந்தது, அதை மறைக்காமல் சொல்லுவார். இன்றைக்கும் அதைத்தான் பேசினார்.

"பிரியமானவர்களே, கடனிலிருந்து விடுதலைன்னா பை நிறையப் பணம்னு அர்த்தம் இல்ல. காலிங் பெல் அடிச்சா பயப்படாம கதவைத் திறக்கறது. எதிர்ல யார் வந்தாலும் தலையைக் குனியாம நடந்து போறது. நமக்கு அந்த வாழ்க்கையைத்தான் ஆண்டவர் வெச்சிருக்கார். ஆனா நாம காணிக்கையோட பலிபீடத்துக்கு முன்னால வந்து நிக்கும்போது, வெளியில ஒரு சகோதரனுக்கு நம்ம மேல மனக்குறை இருந்தா, ஆண்டவர் நம்ம காணிக்கையைப் பாக்க மாட்டார். 'முதல்ல அவன்கிட்ட போயிட்டு வா'ன்னு திருப்பி அனுப்பிடுவார்."

சபை முழுக்க "ஆமென்" என்றது. முதல் வரிசையில் அண்ணனும் டீச்சரும் கூட "ஆமென்" என்றார்கள். டீச்சர் சத்தமாகவே சொன்னாள்.

அவர்களுக்குப் பின்னால் பேக்கரிக்காரர் குடும்பம். அடுத்த முறை அவர்களுடையது. கிழவர் ஒருத்தர், மகன், மருமகள். மருமகளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். அவர்களுக்கும் ஃபைனான்ஸ்தான்.

பிரசங்கம் முடிந்தது. பாஸ்டர் அண்ணனையும் டீச்சரையும் மேலே கூப்பிட்டார். பலிபீடத்துக்குப் பக்கத்தில் கோபுர மணியின் கயிறு தொங்கும். வழக்கப்படி அண்ணன் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். செக் வைத்த உறை பாஸ்டர் கையில் இருந்தது.

"மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். இந்தக் குடும்பம் தர வேண்டிய பாக்கி உள்ளவர் யாராவது இங்கே உண்டா? உண்டென்றால் இப்போதே சொல்லுங்கள். இல்லையென்றால் இதற்குப் பிறகு கேட்பதில்லை."

யாரோ ஒரு குழந்தை சிணுங்கியது. பொடிசு அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டான். லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

அவள் எழுந்தாள்.

"எனக்கு வரணும் பாஸ்டர்."

சபை மொத்தமும் திரும்பியது. மேலே நிற்கிறவனுடைய கூடப்பிறந்தவள் என்று எல்லோருக்கும் தெரியும். "என்ன பொண்ணு இவ?" என்று ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது நன்றாகவே கேட்டது. "வீட்டுல பேசித் தீத்துக்க வேண்டியதை இங்க கொண்டுவந்து..."

"வீட்டுல பேசிட்டுத்தான் வரேன்" என்றாள் பொடிசு அந்த அம்மாளிடமே. பிறகு பாஸ்டரைப் பார்த்தாள். "லேப் வாங்கறதுக்குச் சேத்து வெச்சிருந்தது. திருப்பித் தர்றதாச் சொல்லித்தான் வாங்கிக்கிட்டாங்க. எனக்கு இப்ப அது வேணும். அண்ணன் மேல பழி போடணும்னு வரல. எனக்கு வேணும், அவ்வளவுதான்."

உட்காரவில்லை. நின்றபடியே இருந்தாள்.

பாஸ்டருடைய முகம் வாடிப்போயிற்று. உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "சகோதரரே, உண்டா இல்லையா?"

அண்ணனுக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. உறையைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். தங்கையை மட்டும் பார்க்கவில்லை.

"இல்ல பாஸ்டர்."

"இல்லையா?"

"அவ எங்களுக்கு ஒண்ணும் குடுக்கல. லேப்ல ஏதோ பணப் பிரச்சினை அவளுக்கு. அந்த மனக்கஷ்டத்துல ஏதோ பேசறா. நீங்க ஜெபம் பண்ணுங்க அவளுக்காக."

அடப்பாவி மனுஷா! கையில் மணிக்கயிறு, எதிரில் பலிபீடம், எப்படி ஐயா வந்தது வாய்? கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவனை நான் மன்னித்துவிடுவேன். தெருவை மாற்றிப் போனவனைக்கூட மன்னித்துவிடுவேன். கூடப்பிறந்தவளைச் சபைக்கு முன்னால் பொய்க்காரியாக்கி, போதாததற்கு அவளுக்காக ஜெபமும் பண்ணச் சொல்கிறான்.

பொடிசு பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பணம் போய்விட்டது, லேப் போய்விட்டது என்றெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அண்ணன் போய்விட்டான் என்றுதான் தோன்றியது.

"கயிறை விடுங்க."

டீச்சர்தான் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பக்கத்தில் மைக் இருந்தது.

"ஏய், நீ சும்மா இரு..."

"விடுங்கன்னு சொல்றேன்ல?" அவன் விரல்களைப் பிரித்துக் கயிற்றைத் தள்ளிவிட்டாள். "பாஸ்டர், அவர் சொன்னது பொய். அவ குடுத்தா. எங்க அடுப்படியில வெச்சு என் கையிலதான் குடுத்தா. கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குடுங்க அண்ணின்னு சொன்னா. நான் சரின்னேன்."

டீச்சர் கடைசி பெஞ்சைக் கை காட்டினாள்.

"இவ விட்டுக்குடுக்கணும்னு நான் நெனச்சேன். இப்பவும் நெனக்கிறேன். காலைல வீட்டை விட்டே துரத்தினேன். ஆனா வாங்கவே இல்லைன்னு சொல்ற அளவுக்கு நாங்க இன்னும் வரல." கணவன் பக்கம் திரும்பினாள். அவள் குரல் அப்போதுதான் நடுங்கியது. "வரலைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பாஸ்டர் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இன்னைக்கு மணி அடிக்க வேண்டாம்" என்றார். "முறை அடுத்த குடும்பத்துக்கு."

பேக்கரிக்காரர் வீட்டு மருமகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று அவள் பட்ட பாட்டைப் பார்த்தால், அவளைத் திட்டக்கூட மனசு வரவில்லை.

* * *

ஆராதனை முடிந்தது. பொடிசுவிடம் யாரும் பேசவில்லை. படியில் நின்றவர்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள், அவ்வளவு மரியாதை. உண்மை பேசியவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்க ஆளில்லை.

வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், சுவரோரம் டீச்சர் தனியாக நின்றிருந்தாள். கையில் ஃபோன். பொடிசு அவளிடம் போனாள். நன்றி சொல்லத்தான் போனாள் என்று நினைக்கிறேன்.

"அண்ணி..."

"அண்ணி கிண்ணின்னு கூப்பிட்டே, எனக்குக் கெட்ட கோபம் வரும்." டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை, எதையோ தேடி அழுத்திக்கொண்டிருந்தாள். "நீ எழுந்தது சரி. நான் சொன்னதும் சரி. அதுக்காக உன் மூஞ்சியைப் பாக்கணும்னு எனக்குக் கட்டாயம் இல்ல. மூணு வாரம் கனவு கண்டேன் நான், அந்த மணிச்சத்தத்தை. உனக்கு என்ன தெரியும்?"

"அண்ணன் எங்க?"

"உள்ள இருக்கான். இருக்கட்டும்." முதல் தடவையாக அவனை அவன் இவன் என்றாள். "உனக்கு வேண்டியது பணம். நாளைக்குக் காலைல லேப்புக்கு வந்துடும். முழுசா. வாங்கிக்கோ. அதுக்கப்புறம் எங்க வீட்டு மாடிப்படியில உன் காலு படக் கூடாது."

"முழுசாவா? எங்க இருந்து?"

டீச்சர் ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஃபைனான்ஸ்காரருடைய பெயர் இருந்தது.

"வேணாம். அவன்கிட்ட மறுபடியுமா? இருக்கற வட்டியையே கட்ட முடியாமத்தானே..."

"வேற யாரு தருவா எனக்கு? உள்ள ஆமென் சொன்னாங்களே, அவங்களா? இவன் ஒருத்தன்தான் நான் எப்பக் கூப்பிட்டாலும் எடுக்கறான். ஞாயித்துக்கிழமைகூட எடுப்பான்."

"மறுபடியும் ஸ்கூல் வாசல்ல வந்து நிப்பானுங்க."

"நிக்கட்டும். இந்தத் தடவை உங்கிட்ட வர மாட்டேன்."

டீச்சர் எண்ணை அழுத்தினாள். ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி போகிற சத்தம் வெளியில் கேட்டது.

"உனக்குத்தான் என் மேல அவ்வளவு அக்கறையாச்சே. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு, வெச்சுடறேன். எனக்கு அந்தப் பணம் வேணாம், லேப் போனாப் போகுதுன்னு சொல்லு. எடுக்கறதுக்குள்ள சொல்லு."

பொடிசு வாயைத் திறந்தாள். நாளை மத்தியானம் டேப்காரன் வந்து நிற்பான். அவன் கொடுக்கிற சம்பளத்துக்கு அதே மேஜையில் குனிந்து உட்கார வேண்டும். கடவுள் சத்தியமாக அவளுக்கு அந்தப் பெண்மேல் இரக்கம் இருந்தது. அந்த அடுப்பும் வேண்டும் என்றிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்ததற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

"சொல்லு" என்றாள் டீச்சர்.

ஃபோனில் ஒரு ஆண்குரல், "ஹலோ, சொல்லுங்க டீச்சர்" என்றது.

பொடிசு சொல்லவில்லை.